எரிக்கச் சொன்ன கடிதங்களும் ஒரு கல்கத்தா கர்தினாலும்

இந்தத் தடவை ஊருக்குப் போனது லீவைக் கழிக்க இல்லை. ஸ்ரீரங்கத்து வீட்டை ஒழித்து, அம்மாவை அக்கா இருக்கும் தெருவிலேயே ஒரு சின்ன ஃப்ளாட்டில் குடி வைக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் ஒரு பரணைக் காலி செய்வது என்றால் என்னவென்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பித்தளை அண்டா, பாதி உடைந்த ஹார்மோனியம், பைண்டு பண்ணிய தொடர்கதைகள், எந்தக் காலத்துத் தாத்தாவுடையது என்றே தெரியாத ஒரு கைத்தடி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் நூலால் இறுக்கிக் கட்டிய நீல இன்லண்ட் லெட்டர்கள்.

அப்பா 1973-லிருந்து 1978 வரை கல்கத்தாவில் வேலை பார்த்தார். லேக் மார்க்கெட் பக்கம், நாலு பேரோடு ஒரு அறை, மெஸ் சாப்பாடு. அம்மா இங்கே மாமியார் வீட்டில், இடுப்பில் அக்காவோடு. அந்த ஐந்து வருஷமும் அம்மா எழுதியதை அப்பா ஒன்று விடாமல் சேர்த்து வைத்து, வேலையை விட்டு வரும்போது கூடவே ரயிலில் கொண்டு வந்திருக்கிறார்.

"அதைப் படிக்காதே. கொல்லைல போட்டுக் கொளுத்திடு" என்றாள் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சாயங்காலத்துக்குள் இரண்டு தரம் வந்து "ஆச்சா?" என்று கேட்டாள்.

கொல்லையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குச் சம்பந்தமே இல்லாமல் கல்கத்தா பார்க் தெருவில் வாழ்ந்த ஒரு கர்தினால் ஞாபகத்துக்கு வந்தார். அவரிடமும் ஒரு பெண்மணி இதையேதான் கேட்டுக்கொண்டார், தான் எழுதிய கடிதங்களை அழித்துவிடச் சொல்லி. அவர் அழிக்கவில்லை. எழுதியவர் அன்னை தெரேசா. வைத்துக்கொண்டவர் லாரன்ஸ் டிரெவர் பிக்காச்சி. (பெயரைக் கேட்டதும் என் பையன் போக்கிமான் என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவனை விடுங்கள்.)

நான் மூன்று வருஷம் கல்கத்தா சால்ட் லேக்கில் குப்பை கொட்டியவன். 2001-லேயே ஊர் பெயர் கொல்கத்தா ஆகிவிட்டாலும், எங்கள் வீட்டில் அது என்றைக்கும் கல்கத்தாதான். சனிக்கிழமை ஆனால் பார்க் தெருவில் காலாற நடப்பது வழக்கம். 30ஆம் எண் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி. 32ஆம் எண் பேராயர் இல்லம். பிக்காச்சியின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த இரண்டு காம்பவுண்டுக்குள் நடந்தது. 2004-இல் அந்தத் தெருவுக்கே மதர் தெரேசா சரணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டாக்ஸிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு "ஓ, பார்க் ஸ்ட்ரீட்" என்பார், அது வேறு கதை.

பிக்காச்சி பிறந்தது 1916 ஆகஸ்ட் 7, டார்ஜிலிங்குக்குக் கொஞ்சம் கீழே லெபாங்கில். 1934-இல் இயேசு சபையில் சேர்ந்தார். திருச்சி ஜோசப், சென்னை லயோலாவில் படித்தவர்களுக்கு இந்தச் சபைச் சாமியார்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி அவர்கள் தாளின் தலைப்பில் ஏ.எம்.டி.ஜி. என்று போடுவார்கள், 'இறைவனின் மேலான மகிமைக்காக' என்பதன் லத்தீன் சுருக்கம். நாடு சுதந்திரமடைந்த 1947-இல் இவர் குருவானார். 1950களில் சேவியர்ஸ் கல்லூரியில் பொறுப்பு, பிறகு அங்கேயே ரெக்டர். 1960-இல் திடீரென்று சுந்தரவனப் பக்கம் பசந்தி என்ற கிராமத்துக்குப் பங்குச் சாமியாராகப் போனார். பார்க் தெருவிலிருந்து பசந்திக்கு! சேறும் படகும் உப்புத் தண்ணீருமான ஊர். இரண்டே வருஷத்தில் ரோமிலிருந்து ஆணை. கல்கத்தா மறைமாவட்டத்திலிருந்து பிரித்து 1962-இல் புதிதாக உருவாக்கிய ஜாம்ஷெட்பூர் மறைமாவட்டத்துக்கு இவரே முதல் ஆயர்.

1969-இல் கல்கத்தா பேராயர். அந்த ஊரில் அது நல்ல நேரமில்லை. நக்சல்பாரி இயக்கம் நகரத்துக்குள் வந்துவிட்ட நேரம், கல்லூரிச் சுவரெல்லாம் கோஷம், தெருவில் கொலை. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்குள் வந்த அகதிகள் சுமார் 1 கோடி பேர், பெரும்பகுதி மேற்கு வங்கத்தில். அப்பா கல்கத்தாவில் இறங்கிய 1973-இல்கூட சியால்டா ஸ்டேஷனைத் தாண்டும்போது மனசு கனக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

1976 மே மாதம் ஆறாம் பவுல் போப் இவரைக் கர்தினால் ஆக்கினார். கல்கத்தா பேராயர்களில் கர்தினால் ஆனவர் இதுவரை இவர் ஒருவரே. கர்தினால் என்றால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். போப்புக்கு அடுத்த வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 வயதுக்கு உட்பட்டிருந்தால் அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்க ஓட்டும் உண்டு. பிக்காச்சிக்கு அந்த ஓட்டு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கிடைத்தது. 1978 ஆகஸ்ட் 26 அன்று தேர்வான முதலாம் ஜான் பால் 33 நாளில் இறந்துபோக, அக்டோபரில் மறுபடி கூடி, போலந்துக்காரரான இரண்டாம் ஜான் பாலைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையும் உள்ளே இருந்த 111 பேரில் இவரும் ஒருவர். கொழும்புக் கர்தினால் தாமஸ் கூரேயும் இருந்தார். (முதல் தமிழ்க் கர்தினாலுக்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செஞ்சிப் பக்கம் கல்லேரியில் பிறந்த சைமன் லூர்துசாமி. அவரைப் பற்றித் தனியாக எழுத ஆசை.)

கர்தினால்கள் கையெழுத்துப் போடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. பதவிப் பெயர் முன்னால் வராது, பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் வரும். லாரன்ஸ் கர்தினால் பிக்காச்சி என்று. இந்த மாதிரிக் கையெழுத்திட்ட பழைய கடிதங்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஏலத் தளங்களில் பார்க்கலாம். அப்படி ஒரு பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பிக்காச்சி தன் பதவிக் காலத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்களில் கையெழுத்துப் போட்டிருப்பார். அதற்காக யாரும் அவரை நினைக்கப் போவதில்லை. அவர் எழுதாத, அவருக்கு வந்த ஒரு கட்டுக் கடிதத்துக்காகத்தான் அவர் பெயர் சரித்திரத்தில் நிற்கப் போகிறது.

அந்தக் கட்டுக்கு வருகிறேன்.

1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங்குக்குப் போகும் ரயிலில்தான் தெரேசாவுக்கு ஏழைகள் நடுவில் போய் வாழ வேண்டும் என்ற அழைப்பு வந்தது என்பது பலருக்குத் தெரிந்த கதை. பிக்காச்சி பிறந்த மலைக்குப் போகும் அதே ரயில். அப்போதைய பேராயர் பெரியே, பெல்ஜியத்துக்காரர், லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் காக்க வைத்துத்தான் 1948 ஜனவரியில் சரி என்றார். ரோமின் அனுமதியும் வந்த பிறகு, அந்த ஆகஸ்டில் நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையோடு தெரேசா என்டாலி லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்தார். 1950 அக்டோபர் 7-இல் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபைக்கு அங்கீகாரம். 1952-இல் காளிகட்டில் நிர்மல் ஹிருதய். இது உலகம் பார்த்த பாதி.

பார்க்காத பாதி ஒன்று இருந்தது. வேலை தொடங்கிய அதே காலத்தில் அவருக்குள் விளக்கு அணைந்துவிட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் யாருமே இல்லாத மாதிரி. கடவுள் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்ட மாதிரி. 1953-லேயே பேராயர் பெரியேவுக்கு இதை எழுதினார். 1956-இல் சபைச் சகோதரிகளுக்குத் தியானம் கொடுக்க வந்தவர் சேவியர்ஸின் பிக்காச்சி. அப்போதிலிருந்து அவர்தான் தெரேசாவின் ஆன்ம வழிகாட்டி. வாயால் சொல்ல வராததை எழுதித் தருவது தெரேசாவின் வழக்கமானது. 1959-இல் இயேசுவுக்கே நேராக எழுதிய கடிதம் மாதிரியான ஒரு ஜெபத்தை இவரிடம் கொடுத்தார். நம்பிக்கை இல்லை, அன்பு இல்லை, உள்ளே எல்லாம் காலி, இருந்தும் நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன் என்ற தொனியில் பல கடிதங்கள். இவர் பசந்திக்குப் போனபோது கடிதங்கள் பசந்திக்குப் போயின. ஜாம்ஷெட்பூர் போனபோது அங்கேயும்.

நடுவில் ஒரே ஒரு தடவை வெளிச்சம் வந்தது. 1958 அக்டோபரில் பன்னிரண்டாம் பத்திநாதர் போப் இறந்ததற்காகக் கல்கத்தாவில் நடந்த பூசையில், சபை சரியான வழியில்தான் போகிறதா என்று கடவுளிடம் ஓர் அடையாளம் கேட்டார். அங்கேயே அப்போதே இருட்டு விலகியதாம். சில வாரங்கள்தான். நவம்பரில் மறுபடி அதே இருட்டு என்று பெரியேவுக்கு எழுதுகிறார். அதற்கப்புறம் சாகும் வரைக்கும் அது முழுசாக விலகவில்லை என்பதுதான் இந்தக் கடிதங்கள் நமக்குச் சொல்லும் சேதி. நான் முதல் தடவை படித்தபோது அந்தச் சில வாரங்கள்தான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தன. ஒரேயடியாக இல்லாமல் போவது ஒன்று. கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வது வேறு.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இது முற்றிலும் புதுசு இல்லைதான். ஆழ்வார்கள் நாயகியாகி, வராத பெருமாளை நினைத்து உருகிப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிரிவும் பக்தியில் சேர்த்திதான். கிறிஸ்தவத்திலும் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் சிலுவை யோவான், ஆன்மாவின் இருண்ட இரவு என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார். 1961-இல் தெரேசா தன் நிலையைச் சொன்ன யோசேப் நாய்னர் என்ற ஆஸ்திரிய இறையியலாளர், இதற்கு மனுஷ வைத்தியம் கிடையாது, ஆனால் இந்த ஏக்கம் இருப்பதே கடவுள் இருப்பதற்கு அடையாளம் என்று சொல்லி ஆற்றினாராம். (அவர் பாடம் நடத்தியது பூனாவில் டி நொபிலி கல்லூரியில். 1606-இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் ஆன அதே டி நொபிலி பெயரில்தான்.) அதற்கப்புறம் தெரேசா இருட்டோடு வாழப் பழகிக்கொண்டார் என்கிறார்கள்.

பிக்காச்சியின் பக்கம் இருந்து இதை யோசித்துப் பாருங்கள். 1962-இல் பத்மஸ்ரீ, மக்சேசே விருது. 1979-இல் நோபல். 1980-இல் பாரத ரத்னா. உலகமே இந்த அம்மாளின் முகத்தில் தெய்வக் களை வழிகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறது. விழா மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மட்டும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். 1986 பிப்ரவரியில் இரண்டாம் ஜான் பால் காளிகட் நிர்மல் ஹிருதய்க்கு வந்தபோது பேராயராக இருந்ததும் இவர்தான். ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை, பேட்டி கொடுக்கவில்லை, புத்தகம் போடவில்லை. அந்த ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 1992 நவம்பர் 29-இல் இறந்தார். தெரேசா 1997 வரை இருந்தார்.

ஆக, இவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் காகிதத்தையும் எரிக்கவில்லை. ஒரே மனிதர் ஒரே ரகசியத்தை ஒரு கையால் பூட்டி, மறு கையால் சாவியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எரித்துவிடுங்கள் என்று தெரேசா இவரிடமும் கேட்டார், பெரியேவிடமும் கேட்டார். சொன்ன காரணம் வெட்கம் இல்லை. ஆரம்பத்தில் நடந்ததெல்லாம் ஜனங்களுக்குத் தெரிந்தால் அவர்கள் என்னைப் பற்றி அதிகமாகவும் இயேசுவைப் பற்றிக் குறைவாகவும் யோசிப்பார்கள் என்பதுதான். பெரியேவும் எரிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பத்திரப்படுத்திவிட்டார்கள்!

இறந்து இரண்டு வருஷத்துக்குள் புனிதர் பட்டத்துக்கான விசாரணை கல்கத்தாவில் தொடங்கியது. வழக்கமான ஐந்து வருஷக் காத்திருப்பை போப் தளர்த்திவிட்டார். விசாரணை என்றால் கோர்ட் மாதிரியே. சாட்சிகள், ஆவணங்கள், மொத்தம் சுமார் 35,000 பக்கம். அதில்தான் இந்தக் கடிதங்கள் வெளியே வந்தன. விசாரணையை நடத்திச் சென்ற பிரையன் கொலோடிச்சுக் என்ற குருவானவர், கனடா வின்னிபெக்காரர், 2007 செப்டம்பரில் அவற்றைப் புத்தகமாகத் தொகுத்துப் போட்டார். 'கம் பி மை லைட்' என்று பெயர். டைம் பத்திரிகை அட்டைப்படக் கட்டுரையே போட்டது.

அப்போது நான் சால்ட் லேக்கில் இருந்தேன். ஆபீஸ் கேண்டீனில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. வங்காளிகளுக்கு அட்டா பேச இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா? ஒரு கட்சி, பார்த்தாயா, அந்த அம்மாளுக்கே நம்பிக்கை இல்லை என்றது. 1990களிலிருந்தே தெரேசாவைக் கிழித்துக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸும் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார், மதம் மனிதன் கட்டியதுதான் என்று அவருக்கும் உறைத்துவிட்டது என்கிற மாதிரி. இன்னொரு கட்சி, நம்பிக்கை இருந்து செய்வது பெரிசில்லை, இல்லாமல் 50 வருஷம் காலை நாலரை மணிக்கு எழுந்து செய்ததுதான் பெரிசு என்றது. மூன்றாவதாக ஒருவர், கணக்கு வழக்கு பார்க்கிற அமைதியான ஆள், டீயை உறிஞ்சிவிட்டு, "அவங்க படிக்க வேண்டாம்னு சொன்னாங்களே, நாம ஏன் படிக்கிறோம்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் அன்றைக்கே சாயங்காலம் பார்க் தெருவுக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முதலில் பிக்காச்சி மேல் கோபம்தான் வந்தது. நம்பி எழுதித் தந்ததை எரிக்கச் சொன்னால் எரிக்க வேண்டியதுதானே. எரிக்க மனசில்லை என்றால் திருப்பியாவது கொடுத்திருக்கலாமே, இரண்டு பேரும் ஒரே ஊர், நடந்து போகிற தூரம். வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும், எழுதியதால்தானே மாட்டிக்கொண்டார் என்றும் தோன்றியது.

இன்னொரு பக்கம், நம் ஊரில் ஏட்டுச்சுவடியை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள் கதையை உ.வே.சா. வயிறெரிந்து எழுதியிருக்கிறார். அவர் சுவடியை மட்டுமா காப்பாற்றினார், தனக்கு வந்த கடிதங்களையும் காப்பாற்றினார். இன்றைக்கு 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் உலகம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதில் அதற்கும் பங்கு உண்டு. அந்த எழுதினவர்களை யாராவது ஒப்புதல் கேட்டார்களா?

பிக்காச்சி எரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2016-இல் போப் பிரான்சிஸ் தெரேசாவைப் புனிதர் என்று அறிவித்தது எப்படியும் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் காலண்டரில் சிரிக்கும் ஒரு அம்மாள் மட்டுமே மிஞ்சியிருப்பார். பூஜையறையில் உட்கார்ந்து ஒன்றும் தோன்றாமல் எழுந்து போகிற என்னை மாதிரி ஆளுக்கு அவரிடம் பேச எதுவும் இருந்திருக்காது. தெரேசா பயந்தது நடந்துவிட்டது, ஜனங்கள் அவரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். ஆனாலும் பிக்காச்சி மேல் இருந்த கோபம் எனக்கு இப்போது இல்லை. அவர் செய்தது சரி என்று சொல்லவும் இன்னும் வாய் வரவில்லை.

அம்மாவின் கட்டு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கொல்லையில் பழைய மின்சார பில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஜாதக நகல் எல்லாவற்றையும் கொளுத்தினேன். புகை நன்றாகவே வந்தது. கட்டு என் பெட்டியில், சுவெட்டருக்கு நடுவில், திருச்சி, சென்னை, ஃபிராங்க்ஃபர்ட் வழியாக இங்கே நியூ ஜெர்சி வந்துவிட்டது. முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமல் மேல் வரிக் கடிதத்தில் தெரிகிற அளவு தெரிந்தது, அக்காவுக்குப் பல் முளைத்த விஷயம். போன ஞாயிறு போனில் அம்மா, "அன்னிக்கு எல்லாத்தையும் கொளுத்திட்டியோன்னோ?" என்றாள். நான் அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.

கடைசியாக ஒன்று. டாட்டா கம்பெனியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் ஜாம்ஷெட்பூரில் நிறைய. 1962-லிருந்து 1969 வரை பிக்காச்சி அங்கே ஆயராக இருந்தார். அந்த வருஷங்களில் சோனாரியிலோ கத்மாவிலோ வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், அவரைப் பார்த்த ஞாபகம் உங்கள் அப்பா அம்மாவுக்கு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஆள் பேசும்போது எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.